லைப்ரரி அக்காவிடம் பட்டியல் கிடையாது

"எதைப் படிக்கலாம்க்கா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "என்ன வேலை பாக்கீங்க?"

பாதிப் பேர் முழிப்பார்கள். கதைப் புத்தகம் கேட்டால் குடும்ப விவரம் விசாரிக்கிறாளே என்பது முகத்திலேயே தெரியும். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பல வருஷமாகக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகம் எடுத்துப்போகிற முகத்தையும் திருப்பித் தருகிற முகத்தையும் சேர்த்துப் பார்க்கிற வசதி எனக்கு மாதிரி விமர்சகர்களுக்குக்கூடக் கிடையாது. அந்த வசதியில் பார்த்துச் சொல்கிறேன், 'படிக்க வேண்டிய நூறு நூல்கள்' மாதிரியான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கருத்துக்குப் பஞ்சமே இல்லை. கல்லை விட்டெறிந்தால் எழுத்தாளர் தலையில்தான் விழும் என்று கேலியாகச் சொல்வார்கள். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் ஒரே இடைசெவல்காரர்கள். பூமணி, சோ.தர்மன், தேவதச்சன் என்று வரிசையாகப் போகும். அதனால் டீக்கடையில்கூட எதைப் படிக்கணும், எப்படி எழுதணும் என்று சொல்ல ஆள் இருக்கும்.

எங்கள் வாசகர் வட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும். எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறு கதவு திறந்திருக்கும். வருகிறவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஹெச்.எம். சார் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம். அவருக்கு ஒரு படிக்கட்டுக் கொள்கை உண்டு. கல்கியில் ஏற வேண்டும், மு.வ.வில் கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும், ஜெயகாந்தன், அப்புறம் புதுமைப்பித்தன், கடைசியில் மௌனி. மௌனி எழுதியதே மொத்தம் இருபத்துச் சொச்சம் கதைகள். அதை முதலிலேயே படித்து முடித்துவிட்டால் மேலே ஏற வேண்டியதே இல்லையே சார் என்று கேட்டால் சிரிக்க மாட்டார்.

அவரைக் குறை சொல்லவில்லை. தமிழில் பட்டியலுக்கு ஒரு மரியாதையான பரம்பரையே இருக்கிறது. விமர்சகர் க.நா.சு. ஊர் முழுக்கப் பகை சம்பாதித்தது பட்டியல் போட்டுத்தான். 'படித்திருக்கிறீர்களா?' என்று புத்தகத் தலைப்பிலேயே வாசகனை நிறுத்திக் கேள்வி கேட்டவர். அந்தக் காலத்தில் அவர் போட்ட பட்டியலுக்கு ஒரு வேலை இருந்தது. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வருவது மட்டுமே இலக்கியம் என்றிருந்த வாசகனுக்கு, கடையில் கிடைக்காத, யாரும் விளம்பரம் செய்யாத புத்தகங்களின் பெயர் அதில் கிடைத்தது. இன்றைக்குப் பெயர் கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை. செல்போனைத் தட்டினால் பெயர் கொட்டுகிறது.

பெயர் தெரிவதற்கும் படிப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு என் கண்முன்னாலேயே சாட்சி உண்டு. நூலகத்துக்குள் நுழைந்தால் முக்கால்வாசி நாற்காலிகளில் குரூப் 4 பிள்ளைகள்தான். பாவம், விடியற்காலையில் வந்து வாசலில் நிற்பார்கள். அதில் ஒரு தம்பிக்குச் சாகித்திய அகாதமி வரிசை தலைகீழாகத் தெரியும். 1979? 'சக்தி வைத்தியம்', தி.ஜானகிராமன். 1996? 'அப்பாவின் சிநேகிதர்', அசோகமித்திரன். 2014? 'அஞ்ஞாடி', பூமணி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். 'நூலையும் ஆசிரியரையும் பொருத்துக' என்று கேள்வி வருமே, அதற்காக. ஒருநாள் அலமாரியிலிருந்து 'அஞ்ஞாடி'யை எடுத்து அவன் மேஜையில் வைத்தேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல். கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெருசாக்கா இது?" என்றான். அவன் மனசில் அது ஒற்றை வரி.

அவனுக்கு என்ன கொடுத்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

படிக்கட்டுக் கொள்கைக்கு எதிராக என் அலமாரியே ஒரு ஆதாரம் வைத்திருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் அடுத்தடுத்து நிற்கின்றன. 2022இல் படம் வந்ததும் பெரிய தேவை. முதல் பாகம் பைண்டிங் போட்டுப் போட்டு, ஓரம் வெட்டி வெட்டி, மற்றவற்றைவிடக் கொஞ்சம் குள்ளமாகவே ஆகிவிட்டது. இரண்டாம் பாகம் சுமார். ஐந்தாம் பாகத்தைத் திறந்தால் இன்னும் பசை வாசனை அடிக்கிறது. அந்த முதல் பாகத்தோடு நின்றவர்களெல்லாம் வாசிக்கத் தெரியாதவர்களா என்ன? பலருக்கு அது அவர்களுடைய புத்தகம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் 'இதுவே ஏற முடியலையே, மற்றதெல்லாம் நமக்கு எங்கே' என்று கார்டையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஐந்து பாகத்தையும் மூச்சுவிடாமல் முடித்துவிட்டு, மறுபடியும் முதல் பாகத்துக்கே திரும்பி வருகிறவர்களும் உண்டு. அவர்களை 'அடுத்த படி'க்குத் தள்ளுவது என் வேலையென்று நான் நினைக்கவில்லை.

பினாங்குத் தாத்தா கதைக்கு வருகிறேன். இளவயதில் மலேசியா போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நூலகத்துக்கு வருவது தினசரி படிக்க மட்டும்தான். அதுவும் பக்கத்து நாற்காலிக்காரர் படித்து முடிக்கும்வரை தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே காத்திருப்பார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தபோது பினாங்குத் தெருக்களைப் பற்றி ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஹெச்.எம். சாருக்குக் கோபமே வந்துவிட்டது. "அதை நானே ரெண்டு தடவை முயற்சி பண்ணித்தான் முடிச்சேன், அவர்ட்ட போய்க் கொடுக்கீங்களே" என்றார். நியாயம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து இந்தோனேஷிய நகரம் மெடானும் பினாங்கும், நடுநடுவே பழந்தமிழ்ப் பாட்டுகளைக் கிண்டலடிக்கிற பக்கங்கள், மலாய்ச் சொற்கள், வட்டிக்கடைக் கணக்குப் பேச்சு எல்லாம் குழம்பி வரும். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். சின்ன வயதிலேயே மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர், போர் முடிந்து திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். நாவல் 1972இல் வெளியானது. நெடுங்காலம் அதைப் படித்தவர்களே குறைவு.

தாத்தா அதைப் படித்த விதம் எந்தப் பேராசிரியருக்கும் தோன்றாது. பழந்தமிழ் வருகிற பக்கங்களை அப்படியே புரட்டிவிட்டார். மலாய்ச் சொல் வருகிற இடத்தில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு அகராதியே தேவைப்படவில்லை. தெருப் பெயர் வருகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தத் தெரு எங்கே திரும்பும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். கெடு முடிந்தும் திருப்பித் தரவில்லை. புதுப்பித்துப் புதுப்பித்து வைத்துக்கொண்டார். கடைசியில் கொண்டுவந்து வைத்தபோது ஒரே ஒரு விமர்சனம்: "இந்தாளு பொய் சொல்லலை." அவர் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு நாவலும் படித்ததில்லை. முதல் படியில் காலே வைக்காமல் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் தொழிலின் மூலவர் சீர்காழிக்காரர். எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர். 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் படிக்காமல் யாரும் இந்த நாற்காலியில் உட்கார முடியாது. இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதனுடைய வாசகர். படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரிகள்தான். பினாங்குத் தாத்தாவுக்கு அப்புறம் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'சிறந்த நூல்' என்ற பேச்சே அந்த விதிகளில் இல்லை. கணக்கு வாத்தியார் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்.

சரி, 'என்ன வேலை பாக்கீங்க' என்று கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? இல்லை. மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவருக்கு ஆ.மாதவனைக் கொடுத்தால் பொதுவாகச் சரியாக வரும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தானே கடை நடத்திக்கொண்டு அந்தத் தெருவை எழுதியவர் அவர். ஒரு மொத்தப் புளி வியாபாரி அதைப் படித்துவிட்டு, "இந்தக் கடைத்தெருவுல எனக்கு நாலு பேரைத் தெரியும்மா" என்றார். அவர் திருவனந்தபுரமே போனதில்லை. குடிதண்ணீர் லாரி ஓட்டுகிற தம்பிக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுத்தேன். லாரி எப்போ வரும் என்று காத்திருக்கிறவர்கள் பக்கத்திலிருந்து அவன் யோசித்ததே இல்லையாம்.

ஆனால் தீப்பெட்டி ஆபீஸ் அக்கா என் முறையை ஒரே நாளில் உடைத்தார். பள்ளிக்கூடம் போகாமல் தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளைப் பற்றி ஒரு தொகுப்பை ஆசையாக எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டது. "அதத்தான பகல் பூரா பாக்கேன். ராத்திரியும் அதையே பாக்கணுமா?" என்றார். அவருக்கு வேண்டியது யானை, அரண்மனை, நகை. கல்கியின் ஐந்தாம் பாகம் வரை போன அபூர்வ மனிதர்களில் அவர் ஒருவர். அதனால் இப்போது இரண்டாவது கேள்வியும் கேட்கிறேன். "கடைசியா யார்ட்ட என்ன கதை சொன்னீங்க?" சினிமாக் கதையோ, பக்கத்து வீட்டுச் சண்டையோ, சாமியாடின கதையோ எதுவானாலும் சரி. எதைச் சொல்லும்போது குரல் மாறுகிறதோ அதற்குப் பக்கத்து அலமாரியில் அவருடைய புத்தகம் இருக்கும்.

எங்கள் வட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வாசகர் டெய்லர் அண்ணாச்சி. ருஷ்யக்காரர்களைத் தவிர வேறு யாரையும் பெரிதாக மதிக்க மாட்டார். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சல்லிசு விலைக்கு வந்த அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களில் வளர்ந்தவர். ரா.கிருஷ்ணையா, நா.தர்மராஜன், பூ.சோமசுந்தரம் என்று மொழிபெயர்ப்பாளர் பெயரைத்தான் முதலில் சொல்வார். அப்புறம்தான் ஆசிரியர் பெயர். அவருடைய கடையில் அளவு நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க ஊர்க்காரர்களின் தோள், மார்பு, கை அளவு. பின்பக்கம், 'ஸ்தெபான் அர்க்காதியேவிச் / ஒப்லோன்ஸ்கி / ஸ்டீவா – மூணும் ஒரே ஆள், அன்னாவோட அண்ணன்.' 'அன்னா கரீனினா'வில் வருகிற எல்லாருக்கும் இப்படி ஒரு வரி போட்டிருந்தார். ருஷ்ய நாவல் படிக்க முடியவில்லை, பெயர் குழம்புகிறது என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. பெரிய பெரிய கட்டுரைகளிலெல்லாம் தத்துவம் சொல்வார்கள், நோட்டில் பெயரை எழுதி வை என்று ஒருவரும் சொல்வதில்லை.

இனி எழுதுகிற விஷயம்.

வாசகர் வட்டத்துக்குத் தொடர்ந்து வருகிற யாரும் ஒருநாள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுக்காமல் இருப்பதில்லை. பெரும்பாலும் கவிதை. அம்மா, நிலா, மது ஒழிப்பு. பொறுமையாகக் கேட்போம், கைதட்டுவோம். கதை வருவது அபூர்வம். அப்படி வந்ததில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை.

எழுதியவர் பைபாஸ் பக்கம் ஒரு வேபிரிட்ஜில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர். லாரி மேடைமேல் ஏறும், திரையில் எண் வரும், சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். கதையின் முதல் பக்கம் இப்படித் தொடங்கியது: கதிரவன் தன் செங்கதிர்க் கரங்களால் கரிசல் மண்ணைத் தழுவி விடைபெற்றான், பறவைகள் கூடு திரும்பின, தென்றல் வீசியது. தென்றல்! எங்கள் ஊரில், பைபாஸ் ஓரத்தில், சித்திரை மாசத்தில்! அந்த இடத்தில் வேலை பார்க்கிறவர் டீசல் புகையையும் தூசியையும் விட்டுவிட்டுத் தென்றலை எழுத வேண்டிய அவசியம் என்ன என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் பக்கம் வந்தது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு வருகிற ஒரு லாரி. லோடு வெயிட் போடும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிளீனர் பையன் போர்வைக்குள் படுத்திருப்பான். சரக்கை இறக்கிவிட்டு எம்ப்டி வெயிட் போட வரும்போது அவன் இருக்க மாட்டான், முன்னாலேயே டீக்கடையில் இறக்கிவிட்டிருப்பார்கள். லோடு வெயிட்டிலிருந்து எம்ப்டி வெயிட்டைக் கழித்தால் நெட் வெயிட். அந்தக் கணக்கில் பையனும் பழைய இரும்பாக விற்கப்பட்டுவிடுகிறான். நாற்பது கிலோ, கிலோ முப்பது ரூபாய், லோடுக்கு ஆயிரத்து இருநூறு. பையனுக்கு அன்றைய சம்பளம் இருநூறு.

ஒரு ராத்திரி வண்டி பழுதாகி நிற்கிறது. பையன் மேடைக்கு வந்து, "அண்ணே, என்னை மட்டும் தனியா ஒரு தடவை போடுங்க" என்கிறான். அவ்வளவு பெரிய மேடையில் தனியாக நடுவில் போய் நிற்கிறான். அந்த இயந்திரம் பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். திரையில் 40, 50, 40, 50 என்று மாறி மாறி வருகிறது. "எதுண்ணே நான்?" என்று கேட்கிறான்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குக் கீழே ஒரு முழுப் பக்கம். 'சமூகமே, நீ எப்போது விழிப்பாய்?' என்று முடிந்தது.

படித்து முடித்ததும் சண்டை ஆரம்பித்தது. டெய்லர் அண்ணாச்சிதான் முதலில். "மொதப் பக்கம் நீங்க கையைச் சூடு பண்ணிக்கிட எழுதினது. அது உங்களுக்கு வேணும், எங்களுக்கு எதுக்கு?" என்றார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, எழுதியவரைத் தவிர. அவருக்கு அந்தப் பக்கம்தான் பிடித்திருந்தது. இலக்கியம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். நான் எழுந்துபோய்ப் பூமணியின் 'வெக்கை'யை எடுத்துவந்து முதல் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். பதினைந்து வயதுப் பையன் வெட்டிவிட்டான். கையைத்தான் வெட்ட நினைத்திருந்தான், ஆள் செத்துவிட்டான். சூரியன் எங்கே இருந்தது என்று அப்போது யாருக்காவது கவலையா?

ஹெச்.எம். சார் முடிவைப் பற்றிப் பேசினார். பையனை யாராவது ஒரு அதிகாரி மீட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர், அவர் அப்படித்தான் சொல்வார், அது அழகுதான். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா வழக்கமாகப் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். "கடைசிப் பக்கத்துல அந்தப் பையன் அழுதுக்கிட்டே இருக்கான். அவன் எதுக்கு அழணும்? அவனுக்கு அந்த மெஷின் வேடிக்கையால்லா இருக்கும். அழ வேண்டியது சீட்டு அடிக்கிற ஆளு."

அன்றைய கூட்டத்தில் எழுதுவதைப் பற்றிச் சொல்லப்பட்ட ஆகச் சிறந்த வாக்கியம் அதுதான். எழுதியவர் தலை குனிந்துகொண்டார். ஏனென்றால் கதையில் சீட்டு அடிக்கிற ஆள் அவரேதான். ஆனால் கதை முழுக்கத் தன்னை ஓரமாக நிறுத்தி வைத்துக்கொண்டு சமூகத்தைத் திட்டியிருந்தார்.

அக்காவுக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதம் கு.அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' வாசித்தோம். பிள்ளைகள் எங்க வீட்டில் அது இருக்கு, உங்க வீட்டில் இருக்கா என்று போட்டி போடுகிற கதை. தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு அநாதைப் பையன் வந்து சேர்கிறான், பெயர் ராஜா. ஏழை வீட்டுத் தாய் அவனைக் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டைக் கட்டிக்கொள்ளக் கொடுத்துவிடுகிறாள். பணக்கார வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை வந்திருக்க, இந்த வீட்டுச் சிறுமி 'எங்க வீட்டுக்கும் ராஜா வந்திருக்கான்' என்கிறாள். அன்றைக்கு எல்லாரும் கடைசி வரியைச் சிலாகித்துக்கொண்டிருந்தபோது இந்த அக்கா மட்டும் துண்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டால் அவர் தீபாவளிக்கு என்ன கட்டுவார்? அதைக் கொடுக்க அந்த அம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? யானையும் அரண்மனையும் கேட்கிற அதே மனுஷிதான். வாசகரின் ருசி ஒன்று, வாசகரின் கூர்மை வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'கல்கி படிக்கிறவங்களுக்கு இலக்கியம் புரியாது' என்று சொல்கிறவர்களை நான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அழைக்கிறேன். சுக்குக் காபி உண்டு.

வட்டார வழக்குச் சண்டை எப்போதும் வரும், அன்றைக்கும் வந்தது. பேச்சு வழக்கு மேற்கோள் குறிக்குள் மட்டும் இருக்கட்டும், கதை சொல்கிற பகுதி நல்ல தமிழில் இருக்கட்டும் என்பது ஹெச்.எம். சார் கட்சி. இடைசெவலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் வேண்டும். பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்ட கி.ரா. கரிசல் வழக்குக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்தார், பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் உட்கார்ந்தார். இதற்குமேல் விவாதம் எதற்கு? ஆனால் எதிர்க்கட்சிக்கும் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 'ஏலே', 'வாலே' என்று வரிக்கு வரி போட்டுவிட்டால் கரிசல் எழுத்து ஆகிவிடாது. வேபிரிட்ஜ்காரர் கதையில் வட்டாரச் சொல் அதிகமில்லை. லோடு வெயிட், எம்ப்டி வெயிட், நெட் வெயிட் என்று எல்லாமே லாரி ஆபீஸ் பாஷை. அதுதான் அவருடைய வட்டாரம்.

என் பங்குக்கு நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். கதையை எழுதியவர் படிக்கக் கூடாது, வேறொருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எழுதியவர் படித்தால் குரலை ஏற்றி இறக்கி ஓட்டையை மூடிவிடுவார். வேறொருவர் படிக்கும்போது நான் பிரதியில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பேன். கேட்கிறவர்களில் யாராவது செல்போனைத் தொட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. படிக்கிறவர் ஒரு சொல்லை முழுங்கினாலோ தடுக்கினாலோ ஒரு புள்ளி. முடிந்ததும் பேசாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேபிரிட்ஜ்காரர் தாளில் கதிரவன் மேல் மூன்று கோடு. பையன் மேடை ஏறிய பக்கம் சுத்தமாக இருந்தது.

எழுதுகிறவர் எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டால் உலக இலக்கியம் பூராவும் என்று பதில் சொல்வார்கள். இரவு ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு உலக இலக்கியத்துக்கு நேரம் ஏது? அவருக்கு அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' கொடுத்தேன். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். சினிமா உலகத்தைப் பற்றிய நாவல்தான், ஆனால் நட்சத்திரங்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். படப்பிடிப்புக்கு ஆளையும் வண்டியையும் திரட்டுகிற புரொடக்ஷன் ஆட்கள் பாடுபடுவதுதான் கதை. வேபிரிட்ஜ்காரர் பத்து நாளில் திரும்பி வந்தார். "இவர் யாரையும் திட்டவே இல்லையேக்கா" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "என்ன நடந்துச்சோ அதை வரிசையா சொல்லுதார். நமக்குத்தான் கோவம் வருது." கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். கதிரவன் போய்விட்டான். சமூகமும் போய்விட்டது. தன்னை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இழுபறி. சீட்டில் எந்த எண்ணை அடிப்பது, நாற்பதா ஐம்பதா என்று கதைக்குள் அவரே திணற வேண்டும் என்று டெய்லர் அண்ணாச்சி சொல்கிறார். எனக்கு அது கொஞ்சம் சாமர்த்தியமாகப் படுகிறது. பார்க்கலாம்.

குரூப் 4 தம்பியை மறந்துவிடவில்லை. அவனுக்கு 'அஞ்ஞாடி' வேண்டாம் என்று அன்றைக்கு வாசித்த 'வெக்கை'யைக் கொடுத்தேன். அதிலிருந்து எடுத்த 'அசுரன்' படத்தை அவன் பார்த்திருந்தான், படிக்க இழுப்பதற்கு அது போதும். "படத்துல இருக்கிற சண்டையெல்லாம் இதுல இல்லக்கா, அப்பனும் மகனும் காட்டுல சுத்திக்கிட்டே இருக்காங்க, என்னத்தத் திங்குறாங்க எங்க தூங்குறாங்கன்னே போகுது" என்று புகார் சொன்னான். ஆனால் திருப்பித் தரவில்லை. பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வருமா என்றும் கேட்டான். வரலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் எனக்கு ஒரு சிக்கல். அரசு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிற ஒரு நர்ஸ் புதிதாகக் கார்டு போட்டிருக்கிறார். என்ன வேலை என்று கேட்டதும் அவரே முந்திக்கொண்டார். "மேடம், யாருக்கும் உடம்புக்கு முடியாமப் போகாத புத்தகமாக் கொடுங்க. அது ஒண்ணுதான் கண்டிஷன்." கேட்கும்போது சுலபமாகத் தெரிந்தது. அலமாரி முன்னால் போய் நின்றால்தான் தெரிகிறது, தமிழ் நாவலில் யாராவது ஒருவர் இருமிக்கொண்டேதான் இருக்கிறார். 'மோகமுள்' என்று கையை வைத்தேன், ரங்கண்ணா செத்துப்போவார். வைத்துவிட்டேன். சரி, ஆபத்தே இல்லாதது என்று ஒரு நாட்டுப்புறக் கதைத் தொகுப்பைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் டியூட்டி முடிந்து நேராக வந்து, கவுன்ட்டரில் புத்தகத்தைப் பிரித்து வைத்து விரலால் ஒரு வரியைக் காட்டினார். ராணிக்குத் தீராத வயித்துவலியாம், புலிப்பால் கொண்டுவந்தால்தான் நிற்குமாம்.

உங்களுக்கு ஏதாவது பெயர் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். பிரசவம்கூட வேண்டாம் என்கிறார், அது அவருடைய வார்டு.